ஆதுலர் சாலையும் வில்வ வேரும்



தொண்டை நன்னாட்டின் கடலோரப் பகுதியில் விளங்கும் பழம்பதிகளுள் வேளச்சேரியும் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இவ்வூரை வெளிச்சேரி எனக் குறிக்கும். திருக்கடவூரில் மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் திருவடியால் உதையுண்டு தன் தண்டத்தை இழந்த காலன், இப்பதிக்கு வந்து வழிபட்டு அதனை மீளப் பெற்றான் என்பது தலவரலாறு. அது பற்றியே இறைவர் தண்டீசுவரர் எனத் திருநாமம் கொண்டருளினார். அம்மை கருணாம்பிகை. இங்கிருந்து சில கல் தொலைவில், கடலை நோக்கிச் செல்வார்க்குத் திருவான்மியூர் எதிர்ப்படும். அங்கு எழுந்தருளியிருப்பவர் மருந்தீசர். அகத்திய முனிவர்க்கு மருந்துகளின் இயல்பை உபதேசித்தருளியவர் அவரே என்று அத்தலத்தார் போற்றுவர். உயிரைக் கொள்ளும் தொழிலினனுக்குத் தண்டத்தை மீண்டும் அளித்த பெருமான் ஒரு பதியில். அவ்வுயிர் தங்கும் உடம்பைப் பேணும் மருந்தை அறிவித்த பெருமான் அண்டைப் பதியில். காலையில் ஒரு கோயிலும் மாலையில் ஒரு கோயிலுமாக இவ்விரண்டையும் கண்டு தொழும் அன்பர் பலர். இறப்பை ஒழித்தல் மருந்தின் தொழிலன்று. வாழ்நாள் உள்ள அளவும் உடம்பை வழிபாட்டிற்குத் தக்கதாக வைத்திருத்தலே அதன் தொழில் என்பதை இவ்விரு தலங்களின் அண்மை தானே உணர்த்தும்.

சிவபெருமானுக்குரிய மரங்களுள் முதன்மை வாய்ந்தது வில்வம். பழந்தமிழில் இதன் பெயர் கூவிளம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் காட்டிய மலர்களுள் இதுவும் இடம்பெற்றுள்ளது. யாப்பிலக்கணம் கற்கப் புகும் மாணாக்கன் நேர்நிரைச் சீருக்கு முதன்முதல் ஓதும் வாய்பாடும் இம்மரத்தின் பெயரே. அன்பர்கள் அறிந்தது இதன் இலை, அருச்சனைக்கு உரியது. இல்லறத்தார் அறிந்தது இதன் காய். வயிற்றுப்போக்கிற்கும் சீதபேதிக்கும் பிஞ்சை உலர்த்தி வைத்துக் கொடுப்பது நாட்டு வழக்கு. மருத்துவர் மிகுதியாக வேண்டுவதோ மண்ணுள் மறைந்துள்ள வேர். அருச்சனைத் தட்டில் இலையைக் காண்பார் அனைவரும் வேரை எண்ணுவதில்லை. இவ்வேரை முன்னையோர் எவ்வாறு பயன்கொண்டனர், அதனை மருத்துவர் கைக்குக் கொண்டு சேர்த்தவர் யாவர், அவர்க்குச் சோறிட்டவர் யாவர் என்பன ஆராயத்தக்கன.

வில்வ வேர் பெரும்பாலும் தனித்து வழங்குவதில்லை. தசமூலம் எனப்படும் பத்து வேர்த் தொகுதியில் முதலாவதாக நின்று பயன்படும். வில்வம், பெருங்குமிழ், பாதிரி, பெருவாகை, தழுதாழை என்னும் ஐந்தும் பெரும்பஞ்சமூலம். சிறுவழுதுணை, கண்டங்கத்தரி, நெருஞ்சி, சிறுமல்லி, பெருமல்லி என்னும் ஐந்தும் சிறுபஞ்சமூலம். முன்னைய ஐந்தும் ஓங்கி வளரும் மரங்கள். தழுதாழை ஒன்று மட்டும் பெருஞ்செடியாக நிற்பதும் உண்டு. பின்னைய ஐந்தும் காலடியில் கிடக்கும் சிறுசெடிகள். மலையும் மண்ணும் போல உயர்ந்தனவும் தாழ்ந்தனவும் ஒரே குடிநீரில் கூடி நிற்பது இத்தொகுதியின் சிறப்பு. வாத நோய், வீக்கம், இருமல், இரைப்பு, மகப்பேற்றிற்குப் பின் வரும் தளர்ச்சி ஆகியவற்றிற்கு இதனைக் குடிநீராகவும் நெய்யாகவும் எண்ணெயாகவும் அரிட்டமாகவும் மருத்துவர் கொடுத்து வந்தனர். சரக சங்கிதை, சுசுருத சங்கிதை இரண்டும் இப்பத்து வேர்களைக் கூறும். இன்றும் பிள்ளை பெற்ற மகளிர்க்குத் தசமூலாரிட்டம் கொடாத வீடு சிலவே.

இவ்வேர்களின் புகழ் மருத்துவ நூல்களோடு நின்றுவிடவில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டன. நல்லாதனாரின் திரிகடுகமும், கணிமேதாவியாரின் ஏலாதியும், காரியாசானின் சிறுபஞ்சமூலமும் அவை. ஐந்து வேர்களும் உடற்பிணியைத் தீர்த்தல் போல, பாட்டுத்தோறும் கூறப்பெறும் ஐந்து பொருள்களும் அறியாமைப் பிணியைத் தீர்க்கும் என்பது மூன்றாவதன் பெயர்க் காரணம். ஒரு நூலாசிரியர் தம் நூலுக்கு இவ்வாறு பெயரிட வேண்டுமாயின், கேட்பார் அனைவரும் அப்பெயரைக் கேட்ட அளவிலே பொருளை உணர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முற்பட்டே நெருஞ்சி வேரும் கண்டங்கத்தரி வேரும் தமிழ் மக்கட்கு வீட்டுப் பொருள்களாக இருந்தன என்று கொள்வதில் தடையில்லை. காரியாசான் சமண சமயத்தவர். மருந்துக்குச் சமய வேறுபாடு இல்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனிக் கல்வெட்டிற்கு வருவோம்.

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்தில், காஞ்சிபுரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழரின் நீண்ட கல்வெட்டொன்று பொறிக்கப்பெற்றுள்ளது. அவர் அரசாண்டது 1063 முதல் 1070 வரை. கல்வெட்டு அவரது ஆறாம் ஆட்சியாண்டிற்கு உரியது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை ஆராய்ந்து எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயினின்று கோயிலுக்கும் அதனைச் சார்ந்த அறங்களுக்கும் ஆகும் செலவு ஒவ்வொன்றும் இதில் நெல்லாகவும் காசாகவும் கணக்கிடப் பெற்றுள்ளது. திருவமுது, திருவிழா ஆகியவற்றிற்கான செலவைக் கூறிய பின், சனநாத மண்டபத்தில் நடைபெற்ற கல்லூரியும், மாணாக்கர் உண்டுறையும் விடுதியும், ஆதுலர் சாலையும் கூறப்படுகின்றன. அது திருமாலின் திருக்கோயில். எனினும் அங்கு உணவு பெற்றோருள் சிவப்பிராமணரும் இருந்தனர். மாணாக்கர்க்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கிற்கு எண்ணெய் வைத்ததையும் கல்வெட்டு மறக்கவில்லை.

ஆதுலர் என்பார் நோயுற்றோர். அவர்க்குரிய அச்சாலைக்கு வீரசோழன் என்று பெயர். பதினைந்து படுக்கைகள். படுக்கையில் கிடப்பார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்பவர். நாடி பார்த்து மருந்து சொல்லும் அவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அவற்றின் மேலும் நிலம் உண்டு. அறுவைத் தொழில் செய்வார்க்கு முப்பது கலம் நெல். மருந்துக்கு வேண்டும் பச்சிலையும் வேரும் கொணர்ந்து, விறகும் இட்டு, மருந்து காய்ச்சும் பணிக்கு இருவர். அவ்விருவர்க்குமாக அறுபது கலம் நெல்லும் இரண்டு காசும். நோயாளர்க்கு மருந்தூட்டிப் பேணும் பெண்டிர் இருவர்க்கு முப்பது கலமும் ஒரு காசும். நாவிதனுக்குப் பதினைந்து கலம். தண்ணீர் கொணர்வானும் உண்டு.

இக்கணக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆதுலர் சாலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் மருத்துவரின் ஊதியத்தையும் எடுத்துக்காட்டி வியந்து அப்பாற் செல்வர். வியக்கத்தக்கது அவ்வரிகளின் நடுவே உள்ளது. வேர் தோண்டிக் கொணர்வான் ஒருவனுக்கு முப்பது கலம் நெல். அறுவை செய்வானுக்கும் முப்பது கலம் நெல். அதன் மேல் வேர் கொணர்வானுக்குக் காசு ஒன்று மிகுதி. அறுவை செய்வார் வேறிடத்திலும் தொழில் செய்து பொருள் ஈட்டியிருக்கலாம். ஆதலின் இவ்விரண்டையும் அப்படியே ஒப்பு வைத்தல் முற்றும் பொருந்தாமல் இருக்கக்கூடும். ஆயினும், காட்டிற்குச் சென்று வேர் அகழ்வான் ஒருவனைக் கூலியாள் என்று புறத்தே நிறுத்தாமல், சாலையின் நிலையான பணியாளருள் ஒருவனாக எண்ணி, அரசன் ஆணையால் ஆண்டு ஊதியம் வகுத்துக் கல்லில் வெட்டியது கருதத்தக்கது. எந்த மருந்தும் வேரின் தூய்மையளவே தூயதாகும் என்பதை அச்சாலையை அமைத்தோர் அறிந்திருந்தனர்.

சாலையில் ஓராண்டிற்கு இருப்பு வைத்த மருந்துகளையும் கல்வெட்டு எண்ணிக் கூறும். ஏறக்குறைய இருபது பெயர்கள். வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பில்வாதி கிருதம், மண்டூர வடகம் என்று பொருள்கொள்ளத்தக்க ஒன்று, கலியாண லவணம், புராண கிருதம் முதலியன. அவற்றுள் இரண்டு ஈண்டைக்குரியன. தசமூல ஹரீதகி என்பது பத்து வேர்களின் குடிநீரில் கடுக்காயை வேவித்து வெல்லமிட்டுக் கிண்டி எடுக்கும் இலேகியம். இதனை ஒத்த பாகம் ஒன்று சரக சங்கிதையில் வீக்க நோயைக் கூறும் பகுதியில் உண்டு. மற்றொன்று பில்வாதி கிருதம். வில்வத்தை முதலாக உடைய நெய் என்பது பெயரின் பொருள். ஆகவே தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகட்கு முன், இத்தொண்டை நாட்டிலேயே, ஒரு கோயில் மருந்தறையில் வில்வத்தை முதலாக உடைய மருந்துகள் கலயங்களில் ஆண்டு முழுதும் இருந்தன என்பது கற்பனையன்று, கல்லிற் கண்டது. புராண கிருதம் என்பது பழைய நெய். நெய்யைப் பல ஆண்டு வைத்துப் பழமையாக்குதற்கும் ஓர் அறத்தின் நிலைபேறு வேண்டும். இன்று தொடங்கி நாளை முடியும் சாலையில் அது கிடைப்பதரிது.

இத்தகைய அறம் திருமுக்கூடலோடு முடிந்ததன்று. தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையார் பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு நிலம் அளித்தார். மருத்துவர்க்கு விட்ட நிலம் மருத்துவக் காணி எனப்பட்டது. திருவரங்கத்தில் ஆரோக்கிய சாலை ஒன்று இருந்ததையும், அது புதுப்பிக்கப் பெற்றதையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும். தஞ்சை சென்று பெரிய கோயிலின் விமானத்தை நிமிர்ந்து நோக்குவார் பல்லாயிரவர். அந்நகரில் நோயுற்றார்க்கென ஒரு சாலை இருந்ததை அறிவார் சிலரே.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புக்களாக நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து இயற்றிக் கொடுப்பான் என நான்கினைக் கூறினார். பரிமேலழகர் அந்நான்கையும் நந்நான்காக விரித்து, மருந்திற்கு வேண்டும் நான்கு இயல்புகளுள் எளிதாகக் கிடைத்தலும் ஒன்று என்று வைத்தார். உரைகளைப் பயில்வோர் இதனை எளிய சொல்லென விரைந்து கடப்பர். பல பிணிகளுக்கும் ஏற்றதாய், ஆற்றலால் மேம்பட்டதாய் இருந்தாலும், கிட்டாத மருந்து மருந்தாகாது என்பதே இதன் கருத்து. திருமுக்கூடலில் வேர் கொணரும் இருவர்க்கு அறுபது கலம் அளந்தது இந்த இயல்பைக் காத்தற் பொருட்டே. அந்நெல் நின்ற பிறகு என்னாயிற்று என்பதே பின்வந்த நூற்றாண்டுகளின் வரலாறு.

கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் சென்னை இம்மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் இருப்பிடமாயிற்று. ஒயிட்லா எயின்சிலி என்னும் மருத்துவர் தென்னாட்டு மருந்துப் பொருள்களைத் தொகுத்து 1813இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். பல மொழிகளிலும் மருந்துச் செடிகள் பெறும் பெயர்களை ஒப்பிட்டுத் தெளிவுபடுத்திய முகைதீன் செரீப், இந்திய மருந்து நூலுக்குத் துணை நூலொன்றை 1869இல் இந்நகரிலேயே அச்சிட்டார். ஒரு பெயருக்கு இரு செடியும் இரு பெயருக்கு ஒரு செடியும் வழங்கிய குழப்பத்தினிடையே அவர் பட்ட உழைப்பு மிகப் பெரிது. எனினும் 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் வில்வத்திற்குக் கிடைத்த உயர்ந்த இடம் அதன் காய்க்கே உரியதாயிற்று. சீதபேதியால் படைவீரர் பலர் மடிந்த காலம் அது. காயின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. வேர், நாட்டு மருத்துவர் பையிலேயே தங்கிற்று.

பின்னர் 1921இல் சென்னை அரசாங்கம் உஸ்மான் சாகிபு தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் செய்தது. 1923இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதனையடுத்து இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தோன்றிற்று. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைமையாசிரியராக விளங்கினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் ஒருங்கே கற்பிக்கப் பெற்றன. 1944இல் நாட்டு மருத்துவர்கள் கூட்டுறவு முறையில் தொடங்கிய மருந்து உற்பத்தி நிலையம், இம்ப்காப்சு என்னும் பெயரால், மருந்தீசர் எழுந்தருளிய திருவான்மியூரிலேயே நிலைபெற்றது. இடப்பொருத்தம் தானாக நேர்ந்ததோ, திருவருளோ, அறிவார் அறிவர். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப் பெற்றது. இவையெல்லாம் வேளச்சேரிக்கு அண்மையில் உள்ளவை.

வேர் மருந்து உலக அரங்கில் ஏறிய வரலாறு ஒன்று உண்டு. அது வில்வத்தின் வரலாறன்று, சருப்பகந்தியின் வரலாறு. வில்வத்திற்கு நேரக்கூடியதை அறிதற்கு அதனை அறிதல் நலம். இச்செடிக்குச் சிவன் அமல்பொடி எனத் தமிழ்ப் பெயர் ஒன்றும் தாவர நூல்களில் காணப்படுகிறது. மேனாட்டார் இதற்கு இட்ட பெயர், இந்தியாவையே கண்டிராத இரவுவுல்பு என்னும் செருமானிய மருத்துவரை நினைந்து இடப்பெற்றது. மதி மயக்கத்திற்கும் உறக்கமின்மைக்கும் இவ்வேரை நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். 1931இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் இது குருதி அழுத்தத்தைத் தணிப்பதை எழுதினர். அவ்வாண்டிலேயே சலீமுசமான் சித்திக்கி தில்லியில் இவ்வேரினின்று உப்புச் சத்துக்களைப் பிரித்து, ஒன்றிற்கு அசுமல்கான் என்னும் யுனானி மருத்துவப் பெரியார் நினைவாக அசுமலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் உருசுத்தம் சால் வகீல், 50 நோயாளர்க்கு இதனைக் கொடுத்துக் கண்ட பயனை இங்கிலாந்து இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் சீபா நிறுவனத்தார் ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தனர். அடுத்த சில ஆண்டுகளுள் அமெரிக்க நாட்டு மனநோய் மருத்துவமனைகள் வரையில் இவ்வேரின் புகழ் பரவியது.

புகழ் பரவிய அளவில் வேர் அருகிற்று. இச்செடியின் சத்து வேரில் உள்ளது. வேரை எடுத்தால் செடி இல்லை. காடுகளில் வேலைக்காரர் கிடைத்தனவற்றையெல்லாம் தோண்டினர். 1950களில் இந்திய அரசு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. மேனாட்டு மருந்து நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் விளையும் அதன் இனச் செடியைத் தேடிச் சென்றன. 1990இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் காப்புப் பட்டியலில் சருப்பகந்தி சேர்க்கப் பெற்றது. ரெசர்ப்பினை மிகுதியாக உண்டோர் சிலர்க்கு மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர் எழுதினர். புதிய மருந்துகள் வந்தபின் அதன் வழக்கும் சுருங்கிற்று. ஆராய்ந்தார் பெயரும் பிரித்தெடுத்தார் பெயரும் நூல்களில் நிலைத்துள்ளன. வேரைத் தோண்டிக் கொடுத்தவர் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. அவர்க்கு ஊதியம் வகுத்த கல்வெட்டும் இல்லை. காட்டுப் பொருளை எடைபோட்டு வாங்கும் வணிகன் கொடுத்ததே அவர் பெற்றது. இன்றிருக்கும் செடியை நாளைக்கு விட்டுவைத்தால் நாளை மற்றொருவன் தோண்டிக்கொள்வான் என்னும் நிலையில் அவர் விட்டுவைப்பது யாங்ஙனம்?

வில்வ வேருக்கு அத்தகைய திடீர்ப் புகழ் வரவில்லை. இக்காலத்து வேதியியலார் அதனுள் கூமரின் இனத்துப் பொருள்கள் பலவற்றைக் கண்டுள்ளனர். வேர்ச் சாறும் தசமூலக் குடிநீரும் வீக்கத்தையும் வலியையும் தணிப்பதாக விலங்குகளிடத்துச் செய்த சோதனைகள் காட்டுகின்றன. விலங்கிற் கண்டது மனிதர்க்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிடல் ஆகாது. பல நோயாளரை ஒருங்கே வைத்து முறைப்படி ஆராய்ந்த சோதனைகள் இன்னும் மிகுதியும் வேண்டும். அறிவியலார் இதில் மெல்லச் செல்வது குறையன்று. தசமூலம் எந்நோய்க்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்வாரின் சொல்லைக் காட்டிலும், மெல்லச் செல்வாரின் ஐயம் நோயாளர்க்கு நன்மை பயக்கும். மருந்தாதலின், மருத்துவரை வினவாது இதனைத் தாமே உண்டலும், குருதி அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வேறு மருந்து உண்பார் இதனையும் உடன் சேர்த்தலும் தகா.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. தசமூலாரிட்டம் இன்று நாடெங்கும் தொழிற்சாலைகளில் மிகப் பெரிய அளவில் ஆக்கப்படுகிறது. அதற்கு வேண்டும் வேர் எங்கிருந்து வருகிறது? பெரும்பஞ்சமூலம் ஐந்தும் மரங்கள் என்பது முன்னரே கூறப்பட்டது. முதிர்ந்த வேர் வேண்டுமாயின் மரம் பல ஆண்டு நிற்றல் வேண்டும். வேரை முற்றும் எடுத்தால் மரம் நில்லாது. ஆகவே வேருக்கு ஈடாக அடிமரப் பட்டையையும், இளங்கன்றை முழுதாகவும் இடுவது வணிகத்தில் பரவிற்று. பட்டையும் வேரை ஒத்த பயன் தருமா என்பதைச் சிலர் ஆராய்கின்றனர். தருமாயின் மரம் பிழைக்கும். இனப் பிறழ்ச்சி மற்றொன்று. வடநூலார் அக்கினிமந்தம் என்ற ஒன்றற்குத் தமிழ்நாட்டில் தழுதாழையும் முன்னையும் ஆகிய இரண்டு செடிகள் வழங்குகின்றன. வடநாட்டில் ஒரு செடியைக் கொள்ளும் இடத்தில் மலையாள நாட்டார் மூவிலை என்னும் வேறொன்றைக் கொள்வர். முகைதீன் செரீப் 1869இல் எதிர்கொண்ட குழப்பம் முற்றும் தீர்ந்தபாடில்லை. திருமுக்கூடலில் காட்டில் அகழ்ந்தவனே அடுப்படியில் நின்று காய்ச்சினான். தன் கையால் எடுத்த வேரை அவன் அறிவான். சென்னை இராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்து வாங்குவார்க்கு, உலர்ந்து துண்டமான பின் பாதிரி வேர் இது, பெருவாகைப் பட்டை அது என்று பிரித்தறிதல் எளிதன்று. பல கைகள் மாறி வந்த பின் விற்பார்க்கும் அவ்வாறே. 2000இல் அமைந்த தேசிய மூலிகைத் தாவர வாரியம் இச்செடிகளைப் பயிரிடுவார்க்கு உதவி வருகிறது. காட்டிலிருந்து எடுப்பதை நிறுத்திக் கழனியில் விளைவிப்பதே வழி என்று அறிஞர் பலரும் கூறுகின்றனர். மரப்பயிருக்குக் காத்திருக்கும் உழவர் மிகச் சிலர்.

இவ்விடத்தில் கோயில்கள் செய்துவரும் ஒரு தொண்டு கவனத்திற்கு வராமலே போகிறது. தலமரம் என்று கொண்ட மரத்தை யாரும் வெட்டார். அதன் வேரை யாரும் அகழார். பெரும்பஞ்சமூலத்துள் பாதிரி, திருப்பாதிரிப்புலியூருக்குத் தன் பெயரையே தந்து அங்குத் தலமரமாக நிற்கிறது. வில்வம் எண்ணிறந்த தலங்களில் தலமரம். காட்டில் அழிந்தாலும் திருச்சுற்றுக்களில் இவ்வினங்கள் விதைக்கு நிற்கும். இவற்றினின்று விதையும் கன்றும் எடுத்து நந்தவனத்தில் பெருக்கினால், வேரெடுக்கும் தோட்டங்களுக்கு இனம் பிறழாத கன்றுகள் கிடைக்கும். திருப்பணிக்குப் பொருள் வழங்கும் செல்வர்கள் கோபுரத்தையும் மண்டபத்தையும் எண்ணுவது போல நந்தவனத்தையும், அதனைப் பேணும் ஆளின் ஊதியத்தையும் எண்ணுவாராயின், வயலைக்காவூர் வருவாயில் அறுபது கலம் ஒதுக்கிய அறம் மீண்டும் தொடங்கியதாகும். அக்காலத்தில் வேர் எடுப்பவனுக்கு ஊதியம். இக்காலத்தில் வேர் வைப்பவனுக்கு ஊதியம்.

சிறுபஞ்சமூலத்திற்கு அத்துணை நிலமும் காலமும் வேண்டா. வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பாக மாறுமுன், இத்தகைய ஏரிக்கரைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் நெருஞ்சியும் கண்டங்கத்தரியும் தாமே முளைத்துக் கிடப்பவை. இன்றும் மழைக்குப் பின் மதிலோரத்திலும் வெற்று மனைகளிலும் அவை தலைகாட்டும். திருநாவுக்கரசு நாயனார் சூலை நோய் நீங்கிய பின், தம் கையில் ஏந்திய திருத்தொண்டுக் கருவி உழவாரம். அவர் வழியைப் பின்பற்றி இக்காலத்து உழவாரத் திருக்கூட்டத்தார் திருக்கோயில் தோறும் சென்று திருச்சுற்றைச் செதுக்கித் தூய்மை செய்கின்றனர். வலம் வருவார் காலில் தைக்கும் நெருஞ்சியைக் களைவது அவர்தம் முதல் வேலைகளுள் ஒன்று. களைந்த நெருஞ்சி குப்பையோடு எரிக்கப்படுகிறது. அதன் வேர் பத்தினுள் ஒன்று. விதை முற்றி உதிர்ந்த பின் களைந்து, மண்போக அலசி, நிழலில் உலர்த்தி, சித்த மருத்துவர் ஒருவர் கண்டு உறுதி செய்த பின் கொடுப்பின், அவ்வாண்டு வேரும் கிடைக்கும். உதிர்ந்த விதையினின்று அடுத்த மழைக்குச் செடியும் கிளைக்கும்.